மதில்மேல் பூனை: நீரிழிவுற்ற பூனையின் இரத்தச் சர்க்கரை ஏற்ற இறக்கம்

முன்னுரை

எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல முடியாத நிலையை ‘மதில்மேல் பூனை’ என்பது நம் வழக்கு. இன்சுலின் ஊசி போட்டுவரும் பூனையின் இரத்தச் சர்க்கரைக்கும் இவ்வழக்கு அப்படியே பொருந்தும். நேற்று நண்பகலில் 130 காட்டிய பூனை, இன்று அதே உணவும் அதே மருந்தும் பெற்றும் அதே நேரத்தில் 380 காட்டும். வளர்ப்பவர் திகைப்பார், மருந்து போதவில்லை போலும் என்று எண்ணி இன்னும் ஒரு யூனிட் கூட்டுவார். மறுநாள் பூனை தள்ளாடி விழும்.

இவ்வாறு உயிருக்கே கேடு நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அன்புக் குறைவு அன்று; ஒரே ஓர் எண்ணை நம்பி முடிவெடுப்பதுதான். பூனையின் சர்க்கரை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது, அதை எவ்வாறு படித்தறிவது, எந்நிலையில் என்ன செய்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் பூனை வளர்ப்போர்க்கு மட்டுமன்றி, உயிரியல் பயில்வோர்க்கும் இதில் கற்க வேண்டியது உண்டு.

நீரிழிவு ஆய்வில் விலங்குகளின் பங்கு

நீரிழிவைப் பற்றிய நம் அறிவின் அடித்தளமே விலங்குகளிடமிருந்து கிடைத்தது எனலாம். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது, அதற்கு நீரிழிவு தோன்றியதைக் கண்டனர். 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்தே இன்சுலினைப் பிரித்தனர். 1922 ஜனவரியில் அம்மருந்து முதன்முதலாக மனிதனுக்குச் செலுத்தப்பட்டது.

பூனைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நீரிழிவுற்றோரின் கணையத்தில் மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருப்பதை அறிஞர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். அது எந்தப் புரதத்தால் ஆனது என்பது 1987-இல்தான் தெளிவாயிற்று. அதனைத் தெளிவாக்கிய வெஸ்டர்மார்க் குழுவினர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, நீரிழிவுற்ற பூனையின் கணையம். இன்று அப்புரதம் ‘அமிலின்’ எனப்படுகிறது. இதே படிவு நீரிழிவு நோயாளிகளாகிய மனிதரிடமும் காணப்படுவதால், பூனையின் நோய் மனிதனின் இரண்டாம் வகை நீரிழிவை மிகவும் ஒத்தது எனக் கருதப்படுகிறது.

பூனைக்கு இந்நோய் வருவது எவ்வாறு?

கணையத்தில் உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகளின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. உடல் பருத்த பூனையில் தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. ஆகவே பீட்டா செல்கள் மிகுதியாக உழைக்கின்றன, நாளடைவில் தளர்கின்றன. நடுவயது கடந்த, உடல் பருத்த, விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் பூனைகளிடம் இந்நோய் மிகுதி. அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதனைத் தூண்டக்கூடும்.

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாகத் தின்றும் இளைத்தல் ஆகியவை முதல் அறிகுறிகள். நரம்பு பாதிக்கப்பட்ட பூனை, பின்னங்கால்களின் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கும்.

இங்கு ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பூனை முழுமையான ஊனுண்ணி. அதன் கல்லீரலில் குளுக்கோகைனேஸ் என்னும் நொதியின் செயல் மிகக் குறைவு. ஆதலின் மாவுப்பொருளிலிருந்து திடீரென வரும் சர்க்கரையை விரைந்து கையாள அதனால் இயலாது. மறுபுறம், புரதத்திலிருந்து சர்க்கரையை ஆக்கும் வேலையை அக்கல்லீரல் இடைவிடாது செய்துகொண்டே இருக்கிறது. எனவே பட்டினி கிடக்கும் பூனையின் இரத்தத்திலும் சர்க்கரை ஊறிக்கொண்டுதான் இருக்கும். மனிதனுக்கு ஏற்ற கணக்கைப் பூனைக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதற்கு இது முதற்சான்று.

ஏற்ற இறக்கத்தின் காரணங்கள்

நலமான பூனையின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 70 முதல் 150 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். ஏறத்தாழ 250-ஐத் தாண்டிச் செல்லும்போது சிறுநீரகம் அதனைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. இவ்வெல்லைகளுக்கு இடையே எண்கள் தாவுவதற்குப் பல காரணங்கள் உள்ளன.

1. அச்சம்: பூனை எளிதில் மிரளும் விலங்கு. மிரளும்போது அதன் உடலில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் பெருகி, கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் கொட்டுகின்றன. 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நலமான பூனைகளை ஐந்து நிமிடம் நீர் தெளித்துக் குளிப்பாட்டிப் பார்த்தனர். அவற்றின் சர்க்கரை விரைவில் உயர்ந்தது. திமிறிப் போராடுதலுக்கும் அவ்வுயர்வுக்கும் தொடர்பு இருந்தது. குளிப்பாட்டலுக்கே இந்நிலை என்றால், கூடையில் அடைத்து ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனையில் காத்திருந்த பூனையின் நிலை என்ன? அங்கு எடுக்கும் எண் நோயைக் காட்டுகிறதா, அச்சத்தைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம்.

2. அளக்கும் கருவி: மனிதர்க்கென ஆக்கப்பட்ட குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். மனித இரத்தத்தில் உள்ள சர்க்கரையில் ஏறத்தாழ 58 விழுக்காடு பிளாஸ்மாவிலும் 42 விழுக்காடு சிவப்பணுக்களிலும் உள்ளது. பூனையிலோ 93 விழுக்காடு பிளாஸ்மாவில். 7 விழுக்காடே சிவப்பணுக்களில். மனித இரத்தத்திற்காக வகுத்த கணக்கு இங்குப் பொருந்தாது போவதில் வியப்பில்லை. விலங்குகளுக்கென்றே ஆக்கப்பட்ட மீட்டர்கள் உள்ளன. மனிதர் மீட்டரே கைவசம் இருப்பின், எப்போதும் அதே மீட்டரைக் கொண்டே அளந்து, அதன் போக்கை மருத்துவரிடம் காட்டுதல் நன்று. இன்று ஒரு கருவி, நாளை ஒரு கருவி என மாற்றினால், சர்க்கரை மாறாமலேயே எண் மாறும்.

3. மருந்தும் சிரிஞ்சும்: இது நம் நாட்டில் தனியே எச்சரிக்கத்தக்கது. இந்தியாவில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினும், 100 யூனிட் கொண்ட இன்சுலினும் விற்பனையில் உள்ளன. முன்னதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்குரியது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை எடுத்தால், உள்ளே செல்வது இரண்டரை யூனிட். மாற்றி எடுத்தால் யூனிட்டில் ஐந்தில் இரண்டு பங்குதான் செல்லும். பூனைக்கு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு யூனிட்டில்தான் மருந்து தொடங்குவது வழக்கம். அத்தகைய சிற்றுயிருக்கு இப்பிழை உயிர்ப்பிழையாகும்.

மருந்தைப் பேணும் முறையும் முக்கியம். இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்தும் வெயிலில் கிடந்த மருந்தும் வீரியம் இழக்கும். கிளார்ஜின் என்னும் இன்சுலின் அமிலத்தன்மையுள்ள தெளிந்த நீர்மம். அது தோலுக்கடியில் சென்றதும் நுண்படிவாகத் தங்கி, மெல்லமெல்லக் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. அதனுடன் நீரையோ வேறு இன்சுலினையோ கலந்தால் அத்தன்மை கெடும். ஊசியின் முனை தோலுக்குள் செல்லாமல் மயிரிலேயே மருந்தை விட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறு ஐயம் தோன்றினால் மறுபடி ஊசி போடவே கூடாது. ஒரு வேளை மருந்து தவறுவதைப் பூனை தாங்கும், இரட்டிப்பைத் தாங்காது.

4. உணவு: நம் வீடுகளில் பூனைக்குப் பால்சோறு வைப்பது வழக்கம். நீரிழிவுற்ற பூனைக்கு அது ஏற்றதன்று. மாவுப்பொருள் மிகக் குறைந்த, புரதம் மிகுந்த ஈர உணவே உகந்தது. ஆயினும் இங்கொரு கண்ணி இருக்கிறது. உலர்தீனியிலிருந்து ஈர உணவுக்கு மாற்றியவுடன் பூனையின் இன்சுலின் தேவை விரைவாகக் குறையக்கூடும். உணவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய அளவு மருந்தையே தொடர்ந்தால் சர்க்கரை பாதாளத்திற்குச் செல்லும். ஆகவே மருத்துவர் அறியாமல் உணவை மாற்றுதல் தகாது.

5. கணையம் மீண்டும் விழித்தெழுதல்: மிகுந்த சர்க்கரையே பீட்டா செல்களுக்கு நஞ்சு. சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆனபின், தளர்ந்து கிடந்த செல்கள் மீண்டும் சுரக்கத் தொடங்கலாம். சில பூனைகளுக்கு ஊசியே வேண்டாத நிலையும் வருவதுண்டு. இது மகிழத்தக்க செய்தி. ஆனால் கணையம் சுரப்பதோடு நாம் ஊசியும் போடுகிறோம் என்பதை மறந்தால், அந்த நற்செய்தியே இடராக முடியும். நன்றாக இருந்த பூனையின் சர்க்கரை காரணமின்றித் தாழத் தொடங்கினால், முதலில் இதனை ஐயுற வேண்டும்.

6. மறைந்திருக்கும் பிற நோய்கள்: பல், ஈறு நோய்கள், சிறுநீர்ப்பாதைத் தொற்று, கணைய அழற்சி, சிறுநீரக நோய், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை இன்சுலினின் வேலையைக் குலைக்கும். இவற்றுள் கணைய அழற்சி வந்து வந்து போகும் இயல்புடையது. ஆதலின் சர்க்கரையும் அதனோடு ஏறி இறங்கும். பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகுவதும் ஒரு காரணம். லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 1221 நீரிழிவுப் பூனைகளின் இரத்தத்தைச் சோதித்தனர். ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இக்கோளாறு இருக்கக்கூடும் என்பது அவர்களின் கணிப்பு. நீரிழிவு கட்டுக்கடங்காதிருந்தும் எடை கூடிக்கொண்டே போகும் பூனையிடம் இதனைத் தேட வேண்டும்.

7. எதிர்த்தாக்கம்: சர்க்கரை மிகவும் தாழும்போது உடல் வாளாவிராது. குளூக்ககான், அட்ரினலின், கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை கிளர்ந்து சர்க்கரையை மேலே தள்ளும். மிகுதியான இன்சுலினே சர்க்கரை உயர்வுக்குக் காரணமாகலாம் என்னும் இக்கருத்தை 1938-இல் மைக்கேல் சோமோஜி என்னும் அறிஞர் வெளியிட்டார். அண்மைக்கால ஆய்வுகள், நீண்ட நேரம் செயற்படும் இன்சுலின் பெறும் பூனைகளில் இது அரிதாகவே நிகழ்கிறது எனக் காட்டுகின்றன. எனவே ஒவ்வோர் உயர்வுக்கும் சோமோஜியைக் காரணம் காட்டுவதும் பிழை. அப்படியொன்று இல்லவே இல்லை என ஒதுக்குவதும் பிழை.

ஓர் எண், மூன்று நிலைகள்

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று பூனைகளுக்குக் காலை 8 மணிக்குச் சர்க்கரை 360 என்று கொள்வோம். மூன்றுக்கும் அப்போது இன்சுலின் போட்டு, இரண்டு மணிக்கு ஒருமுறை மாலை 8 மணி வரை அளக்கிறோம்.

முதற் பூனை: 360, 345, 330, 320, 325, 345, 360.
இரண்டாம் பூனை: 360, 240, 110, 52, 95, 250, 390.
மூன்றாம் பூனை: 360, 210, 120, 130, 240, 320, 370.

காலை எண்ணையும் மாலை எண்ணையும் மட்டும் பார்த்தவர்க்கு மூன்றும் ஒன்றே. மூவருமே ‘மருந்து போதவில்லை’ என்பர். நடுவில் உள்ள எண்களைப் பார்த்தவர்க்கோ உண்மை வேறாகத் தோன்றும்.

முதற் பூனையில் மருந்து வேலை செய்யவே இல்லை. அளவு குறைவாக இருக்கலாம்; மருந்து கெட்டிருக்கலாம்; ஊசி சரியாகப் போடப்படாதிருக்கலாம்; வேறு நோய் மறைந்திருக்கலாம். மருந்தையும் ஊசி போடும் முறையையும் சரிபார்த்த பின்னரே அளவைக் கூட்டுவது பற்றி எண்ண வேண்டும்.

இரண்டாம் பூனையில் நண்பகல் கடந்து 2 மணிக்குச் சர்க்கரை 52 வரை வீழ்ந்திருக்கிறது. அதற்கு மருந்து மிகுதி. அளவைக் குறைக்க வேண்டும். காலை 360-ஐக் கண்டு கூட்டியிருந்தால் அப்பூனையை இழக்க நேரிடும்.

மூன்றாம் பூனையில் மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. 120 என்பது விரும்பத்தக்க அடிநிலை. ஆனால் அதன் ஆற்றல் எட்டு மணி நேரத்திற்குள் தீர்ந்துபோகிறது. இங்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீண்ட நேரம் செயற்படும் வேறு வகை இன்சுலினுக்கு மாற்றலாமா என மருத்துவர் ஆராய்வார்.

ஆக, ஒரே எண் மூன்று வேறு சிகிச்சைகளைக் கேட்கிறது. இவ்வாறு நேரத்தோடு சேர்த்துக் குறித்த எண்களைக் கட்டத் தாளில் வரைந்தால் கிடைப்பதே ‘குளுக்கோஸ் வளைகோடு’. அதில் நாம் நோக்க வேண்டியவை இரண்டு: சர்க்கரை இறங்கும் மிகத் தாழ்ந்த நிலை, மருந்தின் செயல் நீடிக்கும் நேரம்.

வளைகோடும் பொய்க்காதா எனில், பொய்க்கக்கூடும். வீட்டிலேயே, பழகிய சூழலில், அடுத்தடுத்த நாள்களில் எடுத்த வளைகோடுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை என 2007-இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எனவே எண் உயர்ந்ததற்காக அன்றாடம் அளவை மாற்றாமல், ஒரு மாற்றம் செய்தபின் ஒன்று அல்லது இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பதே முறை. தாழ்ந்த சர்க்கரைக்கு மட்டும் இப்பொறுமை பொருந்தாது; அதற்கு உடனே மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும்.

துணை நிற்கும் பிற அளவைகள்

பூனையின் காதோரத்தில் சிறு ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து வீட்டிலேயே அளக்கலாம். காதை முன்னரே வெதுவெதுப்பாக்கினால் இரத்தம் எளிதில் வரும். குத்தியபின் விருப்பமான இறைச்சித் துண்டு ஒன்றைத் தந்து பழக்கினால், பல பூனைகள் இதற்கு இணங்கிவிடும்.

மனிதர்க்கென வந்த, தோலில் ஒட்டிவைக்கும் சென்சார் கருவிகளையும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்துகின்றனர். அவை இரத்தத்தை அல்லாமல் திசுக்களுக்கிடையே உள்ள நீரை அளப்பவை. ஆதலின் சர்க்கரை விரைந்து மாறும்போது சற்றுப் பின்தங்கியே காட்டும். இரவில் நிகழும் வீழ்ச்சியையும் காட்டிக்கொடுப்பது அவற்றின் தனிச்சிறப்பு.

ஃபிரக்டோசமின் சோதனை, கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையை உணர்த்தும். ஒருநாள் அச்சத்தால் அது மாறாது. ஆனால் சராசரி என்பது ஏற்றத்தையும் இறக்கத்தையும் மறைத்துவிடும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இக்கருவிகள் எல்லாவற்றிற்கும் மேலாக, வளர்ப்பவரின் கண் இருக்கிறது. நாள்தோறும் குடிக்கும் நீரின் அளவு, உண்ட உணவு, சிறுநீரின் அளவு, வாரந்தோறும் எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தால், அந்நோட்டு மருத்துவர்க்குப் பெருந்துணை. எண்கள் தாவினாலும், தாகம் தணிந்து எடை தேறி விளையாடும் பூனை நலம் பெற்று வருகிறது என்றே கொள்ளலாம்.

இருவகை இடர்கள்

உயர்ந்த சர்க்கரை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் தீங்கு செய்கிறது. தாழ்ந்த சர்க்கரையோ மணிக் கணக்கில், சில வேளை நிமிடக் கணக்கில் கொல்லும். 60-க்குக் கீழே இறங்கினால் இடர். சோர்வு, நடுக்கம், தள்ளாட்டம், வெறித்த பார்வை, வலிப்பு என அறிகுறிகள் முற்றும். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே உணவு தர வேண்டும். இயலாத நிலையில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவியபடி மருத்துவரிடம் விரைய வேண்டும். வலிப்பு வந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சடைக்கும்.

மற்றோர் இடர், கீட்டோன் பெருகி இரத்தம் அமிலமாதல். நீரிழிவுற்ற பூனை உணவை மறுத்து, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தால் காத்திருத்தல் ஆகாது. ‘சாப்பிடவில்லையே, ஊசியை நிறுத்திவிடுவோம்’ என்று தாமே முடிவு செய்வதும், ‘வழக்கமான ஊசி’ என்று முழு அளவைப் போடுவதும் இரண்டுமே தீங்கு. அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஊசி வேண்டாத வாய்வழி மருந்துகளும் வந்துள்ளன. பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் நீர்மத்திற்கு 2023 ஆகஸ்டிலும் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இவை மிகுதியான சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. முன்னர் இன்சுலின் பெறாத, மற்றபடி நலமான பூனைகளுக்கே இவை உரியவை. இவற்றால் சர்க்கரை இயல்பாகத் தோன்றும்போதே கீட்டோன் பெருகக்கூடும். எண் நன்றாக இருக்கிறது என்பதால் பூனையும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது இன்னொரு சான்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைச் சுருங்கச் சொன்னால்: ஒரே நேரத்தில், ஒரே வகைச் சிரிஞ்சில், பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை மருந்து தருக. உணவையும் மருந்தையும் ஒருங்கே மாற்றற்க. எண் உயர்ந்தால் முதலில் மருந்துப் புட்டியையும், சிரிஞ்சையும், மீட்டரையும், பூனையின் அச்சத்தையும் ஆராய்க. எண் தாழ்ந்தால் ஆராய்ச்சியைப் பின்னால் வைத்து, முதலில் பூனைக்கு ஊட்டுக. மருந்தின் அளவைக் கூட்டும் முடிவை வளைகோட்டைக் கண்ட மருத்துவரிடமே விடுக.

பூனை தனக்கு என்ன செய்கிறது என்று வாய்திறந்து சொல்லாது. தலைசுற்றுகிறது என்றோ, கண் இருளுகிறது என்றோ அதனால் முறையிட இயலாது. அதன் சார்பில் பேசுவது நாம் நாள்தோறும் எழுதிவைக்கும் குறிப்பு ஒன்றே. அக்குறிப்பைப் பொறுமையோடு எழுதுவோர்க்கு, எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாமல் இருந்த பூனையின் போக்கும் சில வாரங்களில் புலப்படத் தொடங்கும்.